எந்த ஊர் உருக்கு?

தாராவி 90 அடி சாலையில் சாணை பிடிக்கிற அண்ணாச்சி, தாத்தாவின் உளியை வாங்கிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "எந்த ஊரு உருக்கு தம்பி இது?" எனக்குப் பதில் வரவில்லை. இரண்டு வாரமாகியும் அந்தக் கேள்வி என்னை விடவில்லை.

தாத்தா மாட்டுங்கா ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் தச்சர். 1915இல் தொடங்கிய பட்டறை அது. அந்தக் காலத்து ரயில் பெட்டிக்கு உடம்பெல்லாம் தேக்கு.

உளியின் முதுகில் இரண்டு வரி முத்திரை. மேலே 'காஸ்ட் ஸ்டீல்' என்பது இன்றும் நகத்தில் தட்டுகிறது. கீழே ஊர்ப்பெயர், 'ஷெஃப்' வரைக்கும்தான் மிச்சம். மற்ற எழுத்துகள் தேய்ந்த இடத்தில்தான் தாத்தாவின் இடக்கை விரல்கள் படியும். தேய்த்தது விரல்களா, ஒவ்வொரு மழைக்காலமும் துருவை எடுத்த உப்புத்தாளா?

ஷெஃபீல்டு என்று சொல்லியிருக்கலாம். 1740களில் பெஞ்சமின் ஹன்ட்ஸ்மன் மூசையில் எஃகு உருக்கிய ஊர். ஆனால் அங்கே நல்ல எஃகுக்கு உருக்கிய இரும்பு பெரும்பாலும் ஸ்வீடனுடையது. மூசையில் எஃகு செய்யும் வித்தையோ, நொய்யல் கரைக் கொடுமணலில் எத்தனையோ நூற்றாண்டுகளுக்கு முந்தியது. 'உருக்கு' என்ற நம் சொல்லிலேயே அந்த உலை இருக்கிறது.

எப்போதோ படித்தது நினைவுக்கு வருகிறது. பரங்கிப்பேட்டையில் இரும்பாலை நடத்திய ஜோசையா ஹீத், 1839இல் மாங்கனீசு சேர்த்து எஃகைச் சீராக்கும் முறைக்குக் காப்புரிமை வாங்கினார். ஷெஃபீல்டுக்காரர்கள் பணம் கொடுக்காமலே அதைக் கையாண்டார்கள். வழக்காடியே ஓய்ந்து 1851இல் இறந்தார். அந்த முறையாவது இந்த உளிக்குள் இருக்கும் என்று மனம் ஆசைப்படுகிறது. ஆசைதான், முத்திரையில் அதற்குச் சாட்சி இல்லை.

வீட்டுக்கு யார் வந்தாலும் தாத்தாவின் முதல் கேள்வி, "எந்த ஊரு?" நாற்பது வருஷம் பம்பாயில் இருந்தும், தன்னைக் கேட்டால் திருநெல்வேலிப் பக்கத்துக் கிராமத்தைச் சொல்வார். நான் தாராவியில் பிறந்தவன். பள்ளியில் கேட்டபோது நானும் அதையே சொன்னேன். அந்த ஊரை நான் பார்த்தது இரண்டே தடவை.

அண்ணாச்சி என் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. சக்கரத்தில் ஒரு நொடி வைத்தார். பொறி பூப்பூவாக வெடித்தது. "நல்ல உருக்கு" என்றார். முத்திரைப் பக்கம் கல் படாமல் தீட்டிக் கொடுத்தார்.

இப்போது உளி செம்பூர் வீட்டு மேசையில் இருக்கிறது. எழுத்து தேய்ந்த இடத்தில் விரலை வைத்துப் பார்க்கிறேன். அடுத்த முறை அவர் கேட்டால் என்ன சொல்வேன் என்று இன்னும் தெரியவில்லை.