முதற்சொல் யாருடையது?

கதை எழுத விரும்பும் ஒருவர், பிறர் தரும் ஒரு சொல்லையோ வரியையோ கருவாகக் கொண்டு நாள்தோறும் ஒரு சிறுகதை எழுதிப் பழகுவாரானால், அவ்வாறு பிறந்த கதை எழுதியவருடையதா, சொல்லைத் தந்தவருடையதா என்னும் வினா மேலோட்டமாக எழுத்துத் தொழிலைச் சார்ந்த சிறு ஐயமாகவே தோன்றும். ஆனால் அதன் அடியில் கிடப்பது, மனிதன் செய்யும் செயலில் அவனது முயற்சி எவ்வளவு, அவனுக்கு அப்பாலிருந்து வரும் அருள் எவ்வளவு என்று தமிழ்ச் சமயங்கள் நெடுங்காலமாக வாதிட்டுவரும் கேள்வியே ஆகும். உள்ளத்தில் தானாக ஊறினால்தான் இலக்கியம், கொடுத்த தலைப்புக்கு எழுதுவது பள்ளிக்கூடப் பயிற்சி என்னும் எண்ணம் இன்று பலரிடம் வேரூன்றியுள்ளது. எனினும் தமிழ் மரபு மிக உயர்வாகப் போற்றும் நூல்கள் சிலவற்றின் பிறப்பைப் பற்றி அம்மரபே சொல்லும் வரலாறு இதற்கு நேர் எதிராக இருக்கிறது.

அடியெடுத்துக் கொடுத்தல் என்பது, நூலின் முதற்சொல்லையோ முதலடியையோ வேறொருவர் எடுத்துத் தர, புலவர் அதைப் பற்றிக்கொண்டு பாடலைத் தொடர்வதாகும். தில்லையில் கூத்தப்பெருமான் 'உலகெலாம்' என்று சேக்கிழாருக்கு அடியெடுத்துக் கொடுத்தார் என்பதும், சித்திரைத் திருவாதிரையில் தொடங்கிய பெரியபுராணம் அடுத்த ஆண்டு அதே நாளில் நிறைவுற்றது என்பதும் சைவர்களின் நம்பிக்கை. நாலாயிரத்து இருநூற்றுக்கும் மேற்பட்ட பாடல்களை ஓராண்டின் நாள்களால் வகுத்தால் நாளொன்றுக்குப் பதினொன்றுக்குக் குறையாது. இறைவன் தந்தது ஒரு சொல். மற்ற உழைப்பெல்லாம் புலவருடையது.

காஞ்சிபுரம் குமரகோட்டத்துக் கச்சியப்ப சிவாசாரியாரின் வரலாறு இதனினும் நுட்பமானது. 'திகடசக்கர' என்னும் தொடக்கத்தை முருகன் அருள, அவர் நாளொன்றுக்கு நூறு பாடல்கள் பாடி, இரவில் அவற்றைக் கருவறையில் வைத்துவிட்டுச் செல்ல, காலையில் நடை திறக்கும்போது ஓலைகளில் திருத்தங்கள் காணப்பட்டன என்று கந்தபுராணத்தின் தோற்றத்தை மரபு விவரிக்கிறது. பத்தாயிரத்துக்கு மேற்பட்ட பாடல்கள் கொண்ட அந்நூல், இக்கணக்கின்படி, ஏறத்தாழ நூறு நாள்களின் விளைவாகும். அரங்கேற்றத்தின்போது, 'திகழ்', 'தச' என்னும் சொற்கள் 'திகடச' என்று புணர்வதற்கு இலக்கணம் எங்கே என்று அவையோர் தடுத்தனர் என்றும், சோழநாட்டுப் புலவர் ஒருவர் வீரசோழியத்தைக் கொண்டுவந்து விதியைக் காட்டிய பிறகே அரங்கேற்றம் தொடர்ந்தது என்றும் அதே மரபு சொல்லிச் செல்கிறது. தெய்வமே தந்த அடியென்றாலும் அவை அதற்கு விலக்களிக்கவில்லை. வரலாற்று உண்மை ஒருபுறமிருக்க, தூண்டும் சொல், நாள்தோறும் அளவு, மறுநாள் திருத்தம், இறுதியில் பிறர் முன் சோதனை என்று எழுத்துப் பழக்கத்தின் உறுப்புகள் அனைத்தும் இக்கதையில் பக்திக்குள் பொதிந்திருப்பது கவனிக்கத்தக்கது.

வெளியிலிருந்து வரும் தூண்டலை நம்பித் தொடங்குவது தாழ்ந்ததா என்பதற்குச் சைவ சித்தாந்தத்தின் நால்வகை நெறிப் பகுப்பு விடை தருகிறது. சரியை, கிரியை, யோகம், ஞானம் என்னும் அந்நான்கில் முதலாவதான சரியை, கோயிலைக் கூட்டுதல், மெழுகுதல், பூக்கொய்தல், மாலை தொடுத்தல் போன்ற புறத்தொண்டுகளைக் குறிக்கும். உள்ளம் கனிந்த பிறகு வந்து கூட்டிக்கொள்ளலாம் என்று எவரும் துடைப்பத்தைக் கீழே வைத்துவிட்டுப் போவதில்லை. கூட்டக் கூட்டவே கனியும் என்பது அந்நெறியின் துணிபு. உழவாரப்படையை ஏந்திய திருநாவுக்கரசர் இந்நெறிக்கு எடுத்துக்காட்டாகச் சொல்லப்படுபவர். கல்லில் கட்டிக் கடலில் எறியப்பட்ட நிலையில் அவர் பாடியதாகக் கூறப்படும் பதிகத்தின் ஒவ்வொரு பாடலும் ஐந்தெழுத்திலேயே வந்து முடிகிறது. பாடல்கள் முடிய வேண்டிய இடம் முன்பே வகுக்கப்பட்டிருந்தும் அங்குச் சென்றுசேரும் வழி பாட்டுக்குப் பாட்டு வேறாக இருக்கிறது. 

வைணவத்தில் முயற்சியா அருளா என்னும் இவ்வழக்கு இரண்டு நியாயங்களாகப் பிரிந்தது. குரங்குக்குட்டி தாயைத் தானே பற்றிக்கொள்வதுபோல் உயிரும் தன்பங்குக்கு முயல வேண்டும் என்பது வடகலையாரின் மர்க்கட நியாயம். பூனை தன் குட்டியைக் கவ்விச் செல்வதுபோல் இறைவனே கொண்டுசேர்ப்பான் என்பது தென்கலையாரின் மார்ச்சால நியாயம். எழுச்சி வரட்டும் என்று காத்திருக்கும் எழுத்தாளர் தம்மைப் பூனைக்குட்டியாகக் கருதிக்கொள்வது வழக்கம். ஆனால் தென்கலையார் போதித்த சரணாகதி, சோம்பலுக்குக் கொடுத்த உரிமச்சீட்டு அன்று.

புதுச்சேரியில் இவ்வினா அண்மைக் காலத்திலும் நடைமுறையாகச் சோதிக்கப்பட்டது. எடின்பரோவில் மருத்துவம் பயின்ற நிரோத்பரன், 1930களில் ஸ்ரீ அரவிந்தரின் ஆசிரமத்தில் கவிதை எழுதுவதையே யோகசாதனையின் பகுதியாகக் கொண்டு, எழுதியவற்றை அனுப்பிவைக்க, அவை அரவிந்தரின் திருத்தங்களோடும் குறிப்புகளோடும் திரும்பி வந்தன. குமரகோட்டத்துக் கதையை அறிந்தவருக்கு இம்முறை புதிதாகத் தோன்றாது. பாரதியார் கேட்டுக்கொண்டதற்கிணங்க அவர் முன்னிலையிலேயே கனகசுப்புரத்தினம் சக்தியைப் பற்றிய பாடலை எழுதிக்காட்டியதும் இவ்வூரில்தான். இதற்கு மறுதலையாக, எவருடைய தூண்டலும் இன்றி 1736 முதல் 1761 வரை நாட்குறிப்பு எழுதிவந்த ஆனந்தரங்கப் பிள்ளைக்கு அந்தந்த நாளே தலைப்பாக அமைந்தது.

புதுச்சேரியை அடுத்த கடலோரக் கிராமமான நல்லவாட்டில் சிறுகதைப் பழக்கத்தைத் தொடங்குபவருக்கும் தலைப்புகளுக்குப் பஞ்சமில்லை. மீன்பிடித் தடைக்காலத்தின் 61 நாள்களும் கரையேற்றப்பட்டுக் கிடக்கும் படகு, மாசி மகத்தன்று கடலாட வரும் சாமி, சிங்கப்பூரிலிருந்து வரும் தொலைபேசி அழைப்பு ஆகிய ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு கதையைத் தொடங்கலாம். கடைசியாகச் சொன்னது கற்பனையன்று. வில்லியனூரை மையமாகக் கொண்டு எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் நடத்திய திட்டத்தின்கீழ் நல்லவாட்டில் ஊர் அறிவு மையம் ஒன்று இயங்கியது. அன்றாடச் செய்திகளை ஊருக்கு அறிவிக்க அதில் ஒலிபெருக்கி இருந்தது. 2004 டிசம்பர் 26 அன்று சிங்கப்பூரிலிருந்து ஊர்க்காரர் ஒருவர் ஆழிப்பேரலை குறித்துத் தொலைபேசியில் எச்சரிக்க, அந்த ஒலிபெருக்கி வழியாகவே ஊர் மக்கள் கடற்கரையிலிருந்து வெளியேற்றப்பட்டனர். எச்சரிக்கை ஊருக்கு வெளியிலிருந்து வந்தது; அதைச் சொல்வதற்கான கருவியும் கேட்டு நடக்கும் செவிகளும் சாதாரண நாள்களின் அறிவிப்புகளால் முன்பே பழகியிருந்தன. அருளையும் பழக்கத்தையும் எதிரெதிராக நிறுத்தும் வாதம் இந்த நிகழ்ச்சியின் முன் சற்றுத் தடுமாறவே செய்யும்.

நாள்தோறும் தலைப்புக்கு எழுதுவது நாளடைவில் உயிரற்ற சடங்காகும் என்னும் தடை எஞ்சியிருக்கிறது. அது வலுவான தடை. யாரோ வகுத்த தலைப்புகளை வரிசையாக எழுதித் தீர்ப்பவருக்கு எழுத்து வேகமாக வரும், ஆனால் கதை வருமென்று உறுதியில்லை. இதற்குத் திருவெண்ணெய்நல்லூர் நிகழ்ச்சியில் ஒரு விடை இருக்கிறது. திருமணத்தைத் தடுத்து, ஓலை காட்டி, நீ எனக்கு அடிமை என்று வழக்காடிய முதியவரைச் சுந்தரர் சினந்து 'பித்தன்' என்று ஏசினார். பின்னர் அம்முதியவர் இறைவனே என்று தெளிந்து, எதைச் சொல்லிப் பாடுவது என்று திகைத்தபோது, என்னை ஏசிய அச்சொல்லாலேயே பாடு என்று ஆணை பிறந்தது. சேக்கிழாருக்குத் தரப்பட்டது வானிலிருந்து வந்த சொல். சுந்தரருக்குத் தரப்பட்டதோ அவர் வாயிலிருந்தே வந்து, அவரே நாணத்தக்க சொல். அதன்பின் அவர் ஊர் ஊராகச் சென்று, அந்தந்தத் தலத்தையே தூண்டலாகக் கொண்டு பாடியவற்றில் நூறு பதிகங்கள் கிடைத்துள்ளன. சடங்காகாத தூண்டல், எழுதுபவர் ஏற்கெனவே சொல்லிவிட்ட, ஆனால் இன்னும் எண்ணிப் பாராத சொல்லாகவே பெரும்பாலும் இருக்கிறது. அன்று காலை மீன் ஏலத்தில் விலை படியாத ஆத்திரத்தில் தாமே உதிர்த்த சொல்லைத் தாளின் தலையில் எழுதிக்கொண்டு ஒருவர் கதையைத் தொடங்கலாம்; அச்சொல்லை வாங்கிக்கொண்டு கூடையோடு வீடு திரும்பிய பெண்ணின் பக்கம் நின்று அக்கதையைச் சொல்வது அதனினும் கடினம்.