மதில் போன வாசல்

ஓய்வு பெற்ற மறுநாளும் அப்பா ஏழரைக்குக் குளித்து, சட்டைப் பையில் பேனாவைச் செருகிக்கொண்டு திண்ணைக்கு வந்து உட்கார்ந்தார். 32 வருடம் அரிசி மண்டியில் கணக்கு எழுதியவர். போக இடமில்லை, ஆனால் தினமும் கிளம்பித் தயாராக இருந்தார். அதைப் பார்த்துக்கொண்டிருக்க என்னால் முடியவில்லை. ஒரு நாள் மயிலாடுதுறையில் அவரைப் பஸ் ஏற்றித் தரங்கம்பாடிக்கு அழைத்துப் போனேன்.

பழைய ஊருக்குள் போவது 1792-இல் டேனிஷ்காரர்கள் கட்டிய கோட்டை வாசல் வழியாக. அந்த வாசல் எந்த மதிலுக்காக வந்ததோ, அந்த மதில் பெரும்பாலும் போய்விட்டது. வாசல் மட்டும் வெள்ளையடித்து நிற்கிறது. ஆட்டோவும் மீன்கூடை கட்டிய சைக்கிளும் அதற்குள்தான் புகுந்து போகின்றன. நிழலில் இரண்டு ஆடுகள் படுத்திருந்தன. அப்பா வெகுநேரம் அண்ணாந்து பார்த்தார்.

வந்த வேலை முடிந்த பிறகு ஒன்று எதற்காக இருக்கிறது? அவரிடம் கேட்க முடியாமல் நான் உள்ளுக்குள் வைத்திருந்த கேள்வி அது.

வாசலுக்கு உள்ளே நீளும் ராஜ வீதி மிளகு வியாபாரத்தால் பிறந்தது. டேனிஷ்காரர்கள் தஞ்சாவூர் ரகுநாத நாயக்கரிடம் 1620-இல் இடம் வாங்கிக் கடலோரம் டேன்ஸ்போர்க் கோட்டையைக் கட்டினார்கள். 1845-இல் வங்காளத்து ஸ்ரீராம்பூரோடு சேர்த்து 12.5 லட்சம் ரூபாய்க்கு ஆங்கிலேயரிடம் விற்றுவிட்டார்கள். அப்பா விரலை மடக்கிக் கணக்குப் போட்டார். "இருநூத்தி இருவத்தஞ்சு வருஷம். கடைசியில பன்னெண்டரை லட்சத்துல கணக்கை முடிச்சுட்டான்." கலெக்டர் கச்சேரி கொஞ்ச காலம் இங்கே இருந்து, தஞ்சாவூருக்குப் போனது. 1861-இல் நாகப்பட்டினத்துக்கு ரயில் வந்ததும் சரக்கும் அந்தப் பக்கம் போய்விட்டது. 1926-இல் தரங்கம்பாடிக்கும் ஒரு ரயில் வந்தது. 1980களில் அதுவும் நின்றது.

பணம் போனதால்தான் இந்தத் தெரு பிழைத்தது என்று நினைக்கிறேன். வியாபாரம் கொழித்த ஊர்களில் பழைய வீடுகளை இடித்து மாடி மேல் மாடி எழுப்பிவிட்டார்கள். இங்கே இடிக்கவும் யாருக்கும் வசதி இருக்கவில்லை. தேவையில்லை என்று விடப்பட்டதே காவலாக இருந்திருக்கிறது.

ஒரு சந்தில் ஓட்டு வீடு ஒன்றுக்குப் பூச்சு வேலை நடந்துகொண்டிருந்தது. கொத்தனார் செங்கல் சுவரில் தண்ணீரை அள்ளி அள்ளி வீசினார். சுவர் குடித்து முடிக்கும்வரை காத்திருந்து, சுண்ணாம்புக் கலவையைக் கரணையால் அழுத்தி இழுத்தார். சிமெண்ட் பூசினால் சீக்கிரம் முடியுமே என்றேன். கடற்காற்றின் உப்பும் ஈரமும் சிமெண்டுக்குப் பின்னால் சிக்கிக்கொண்டு செங்கல்லைத் தின்றுவிடுமாம். சுண்ணாம்பு என்றால் ஈரம் உள்ளே வந்த வழியே வெளியே போய்விடுமாம். பக்கத்துப் பழைய சுவரைக் கட்டை விரலால் தேய்த்துக் காட்டினார். செங்கல் மாவாக உதிர்ந்தது.

"இவ்வளவு மெனக்கெடுறீங்களே, யாரு குடியிருக்கப் போறா?" என்று அப்பா கேட்டார்.

"யாராச்சும் வருவாங்க ஐயா. வராட்டியும் சுவரு நிக்கணும்ல."

அப்பா பதில் பேசவில்லை. உதிர்ந்த செங்கல் பொடியைக் கொஞ்சம் எடுத்து விரலில் உருட்டிக்கொண்டே நடந்தார்.

புதிய எருசலேம் ஆலயத்துக்குள் போனோம். தமிழில் புதிய ஏற்பாட்டை அச்சிட்ட சீகன்பால்கு கட்டிய கோயில். 1718 அக்டோபரில் திறந்தார். அடுத்த பிப்ரவரியில் இறந்து, அங்கேயே அடக்கமானார். வயது 36. அவர் அதில் இருந்தது நாலே மாதம். முந்நூறு வருடம் கழித்தும் அங்கே விளக்கு எரிகிறது.

வெயில் தாழ்ந்தபோது மாசிலாமணிநாதர் கோயில் பக்கம் வந்தோம். 1306-இல் குலசேகர பாண்டியன் காலத்தில் எழுந்த கோயில்; முன்பகுதியைக் கடல் கொண்டுபோய்விட்டது. 2004-இல் சுனாமி இந்த ஊரைத்தான் என்ன பாடு படுத்தியது! அலை தடுக்கப் போட்ட பாறைகளில் ஒன்றில் அப்பா உட்கார்ந்தார். செருப்பைக் கழற்றிப் பக்கத்தில் வைத்தார். பேனா பையிலேயே இருந்தது.

கடைசி பஸ்ஸுக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. "கிளம்பலாமாப்பா?" என்றேன்.

"இருடா. இப்ப என்ன அவசரம்" என்றார்.