அடுப்படியும் ஒரு ஞானோபதேச வகுப்பே

கிறிஸ்துநாதருக்குள் பிரியமான பெற்றோரே,

சென்ற ஞாயிற்றுக்கிழமை இரண்டாம் பூசை முடிந்து நான் கோவில் வாசலில் நிற்கையில் ஒரு தாயார் என்னிடம் வந்தார். இடுப்பில் ஒரு பிள்ளை, கையைப் பிடித்தபடி ஒரு பிள்ளை, கொடிமரத்தைச் சுற்றி ஓடிக்கொண்டிருந்தது ஒரு பிள்ளை. "சாமி, இனி என்னால் ஆகாது. இராத்திரி செபமாலை தொடங்கினால் சின்னவன் மணியைப் பிடித்து இழுக்கிறான். பெரியவள் தூங்கி விழுகிறாள். நடுவுள்ளவன் தம்பியைக் கிள்ளுகிறான். நான் அடிக்கிறேன். அழுகையிலேயே செபம் முடிகிறது. மந்திரம் சொல்லிக்கொடுப்பதை எல்லாம் ஞாயிறு ஞானோபதேச வகுப்புக்கே விட்டுவிடுகிறேன். அங்கே கன்னியர் அம்மாக்கள் பார்த்துக்கொள்ளட்டும்" என்றார்.

நான் உடனே பதில் சொல்லவில்லை. காரணத்தை மறைக்காமல் உங்களுக்குச் சொல்லுகிறேன். இரண்டு வாரத்துக்கு முன், பூசைக்குப் பிந்தி வந்ததற்காக அதே தாயாரை நாலுபேர் பார்க்க நான் கடிந்துகொண்டது எனக்கு ஞாபகம் வந்தது. மூன்று பிள்ளைகளை எழுப்பி, குளிப்பாட்டி, உடுத்தி, தலைவாரி, காணாமற்போன ஒற்றைச் செருப்பைத் தேடிக் கண்டுபிடித்துக் கோவிலுக்குக் கொண்டுவந்து சேர்ப்பது எத்தகைய பிரயாசம் என்று, ஓர் அங்கியை மாட்டிக்கொண்டு தனியாளாய்ப் புறப்படுகிற எனக்கு எப்படித் தெரியும்? அன்று நான் கொடுக்கவேண்டிய பதிலை இப்பொழுது இந்தத் தாளில் எழுதுகிறேன். அந்த ஒரு தாயாருக்கு மட்டுமல்ல, உங்கள் எல்லாருக்குமாக எழுதுகிறேன்.

முதலாவது, ஒரு சிறு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு வாரத்துக்கு 168 மணி நேரம். அதில் ஞானோபதேச வகுப்பு நடப்பது ஒரே ஒரு மணி நேரம். மற்ற 167 மணி நேரமும் பிள்ளை வேறெங்கோ, வேறெவரிடமோ படித்துக்கொண்டிருக்கிறது. கன்னியர் அம்மாக்களும் உபதேசியாரும் எவ்வளவு பக்தியோடும் பொறுமையோடும் கற்பித்தாலும், அந்த ஒரு மணி நேரம் மற்ற 167 மணி நேரத்துக்கு ஈடாகாது. ஞானஸ்நானத்தின்போது குருவானவர் பெற்றோரைப் பார்த்து, பிள்ளையை விசுவாசத்தில் வளர்க்கும் பொறுப்பு உங்களுடையது, அது உங்களுக்குத் தெரியுமா என்று கேட்கிறார். தெரியும் என்று நீங்கள் பதில் சொன்னீர்கள். உபதேசியாரிடம் அந்தக் கேள்வி கேட்கப்படவில்லை. பெற்றோரே பிள்ளைகளின் முதன்மையான ஆசிரியர்கள் என்றும், அவர்கள் அக்கடமையில் தவறினால் அதை ஈடு செய்வது அரிது என்றும் இரண்டாம் வத்திக்கான் பொதுச்சங்கம் 1965-ம் ஆண்டு அக்டோபர் 28-ந் தேதி வெளியிட்ட கிறிஸ்தவக் கல்வி பற்றிய அறிக்கையில் போதித்திருக்கிறது.

இதை நாம் கண்ணாரக் கண்ட காலமும் உண்டு. 2020-ம் ஆண்டு மார்ச் மாதத்தில் கொள்ளைநோயினிமித்தம் பள்ளிக்கூடங்கள் மூடப்பட்டன. நம் தமிழ்நாட்டில் 1 முதல் 8 வரையுள்ள வகுப்புகள் 2021 நவம்பர் 1-ந் தேதிதான் மறுபடி திறந்தன. கோவில் கதவுகளும் பல மாதம் அடைபட்டுக் கிடந்தன. அடுப்படியும் கட்டிலுமே பள்ளிக்கூடமாயின. அந்நாட்களுக்குப்பின் பிள்ளைகள் ஞானோபதேசத்துக்குத் திரும்பி வந்தபோது, எந்த வீட்டில் செபம் நின்றுபோயிற்று, எந்த வீட்டில் தட்டுத்தடுமாறியாவது நடந்தது என்பதை, ஒரு பரலோக மந்திரத்தைச் சொல்லச் சொன்ன மாத்திரத்திலேயே கண்டுகொள்ள முடிந்தது.

"அது சரி சாமி, வீடு அமைதியாயிருந்தாலல்லவா சொல்லிக்கொடுக்கலாம்?" என்பீர்கள். இங்கேதான் நாம் தவறிப்போகிறோம். கட்டளைகளைப் பிள்ளைகளுக்குக் கற்பிக்கும்படி மோயீசன் இஸ்ராயேல் ஜனத்துக்குச் சொன்ன இடத்தை உபாகமம் 6-ம் அதிகாரத்தில் பாருங்கள். தனி அறை வேண்டும், பலகை வேண்டும், சந்தடி அடங்கவேண்டும் என்று அவர் சொல்லவில்லை. வீட்டில் உட்கார்ந்திருக்கும்போதும், வழியில் நடக்கும்போதும், படுக்கும்போதும், எழுந்திருக்கும்போதும் அவற்றைப் பற்றிப் பேசுங்கள் என்றார். ஆக, சர்வேசுரன் கொடுத்த பாட அட்டவணை உங்கள் அன்றாட வீட்டு வாழ்க்கையேதான். வீடு அமைதியாகட்டும் என்று காத்திருக்கிறவர்கள், பிள்ளைகள் வளர்ந்து வீட்டை விட்டுப்போகும் நாள்மட்டும் காத்திருப்பார்கள். அன்று வீடு அமைதியாயிருக்கும், படிக்கத்தான் பிள்ளை இராது.

அர்ச்சியசிஷ்டவர்களுடைய வீடுகள் மட்டும் அமைதியாய் இருந்தன என்று எண்ணவேண்டாம். நம்மில் பலருக்கும் பிரியமான சிறுமலர் அர்ச். தெரேசம்மாளுடைய வீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். பிரான்சு தேசத்தில் அலான்சோன் என்ற பட்டணத்தில் தகப்பனார் லூயி மார்ட்டின் கடிகாரத் தொழில் செய்தார். தாயார் செலி அம்மாள் சரிகைப் பின்னல் தொழில் நடத்தி, பல பெண்களுக்கு வேலை கொடுத்து வந்தார். பிள்ளைகள் ஒன்பது பேர். 1867-ம் ஆண்டுக்கும் 1870-ம் ஆண்டுக்கும் இடையில் நாலு பிள்ளைகளை அவர்கள் அடக்கம் பண்ணினார்கள். 1873-ல் பிறந்த கடைக்குட்டிதான் தெரேசா. அவள் நினைத்தது நடக்காவிட்டால் தரையில் விழுந்து புரண்டு அழுவாள் என்று தாயாரே கடிதத்தில் எழுதியிருக்கிறார். மாடிப்படி ஏறும்போது படிக்குப் படி நின்று "அம்மா" என்று கூப்பிடுவாளாம். தாயார் குரல் கொடுக்காவிட்டால் அதே படியில் நின்றுவிடுவாளாம். கையில் முடிக்கவேண்டிய பின்னல், காதில் ஓயாத "அம்மா" என்ற சத்தம். இது உங்கள் வீடுபோல இல்லையா?

நடு மகள் லெயோனியின் கதை இன்னும் வருத்தமானது. படிப்பு ஏறவில்லை, கீழ்ப்படிதலும் இல்லை. சேர்த்த கன்னியர் பள்ளியிலிருந்து திரும்ப அனுப்பிவிட்டார்கள். இந்தப் பிள்ளையை என்ன செய்வேன் என்று தாயார் ஏங்கினார். வீட்டு வேலைக்காரி அந்தப் பிள்ளையை மறைவில் பயமுறுத்தித் தன் கைக்குள் வைத்திருந்தாள் என்பது 1877-ல்தான் தெரியவந்தது. அவ்வளவு பக்தியுள்ள தாயார், அதே கூரையின்கீழ் வாழ்ந்தும், அதுவரை அறியாதிருந்தார். அந்த ஆண்டு ஆகஸ்டு 28-ந் தேதி புற்றுநோயால் அவர் மரித்தபோது லெயோனியைப் பற்றிய கவலை தீரவில்லை. ஆனால் அந்த மகள் மூன்று தடவை மடத்தில் சேர்ந்து திரும்பிவந்தும், நாலாம் தடவையாக 1899-ல் கான் பட்டணத்து மடத்தில் சேர்ந்து, 1941-ல் மரிக்குமட்டும் நிலைத்து நின்றாள். அவளை அர்ச்சியசிஷ்டவளாகப் பிரகடனம் செய்வதற்கான விசாரணை 2015-ம் ஆண்டில் தொடங்கப்பட்டது. அதே ஆண்டு அக்டோபர் 18-ந் தேதி பாப்பரசர் பிரான்சிஸ் அவளுடைய தாய் தந்தையருக்கு அர்ச்சியசிஷ்டப் பட்டம் அளித்தார். பெற்றோரே, விதைத்தது முளைக்கவில்லையே என்று இன்று அழுகிறவர்கள் இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

தாயார் மரித்தபின் குடும்பம் லிசியே என்ற ஊருக்குக் குடிபோயிற்று. தெரேசாவுக்கு அப்பொழுது நாலு வயது, தாண்டி ஐந்து நடக்கிறது. எட்டரை வயதுமட்டும் அவள் பள்ளிக்கூடம் போகவில்லை. பதினாறு வயது அக்காள் பவுலின் பாடம் சொல்லிக்கொடுத்தாள். மூத்த அக்காள் மரி எழுதப் பழக்கினாள். ஞானோபதேசமும் வேத சரித்திரமும் தெரேசாவுக்குக் கற்கண்டு. இலக்கணம் என்றாலோ கண்ணீர்தான். பிற்பாடு 1997-ல் திருச்சபையின் வேதபாரகி என்ற பட்டம் பெற்றவள், வீட்டில் இலக்கணத்துக்கு அழுத பிள்ளை! பகலில் தகப்பனார் அவளைக் கையைப் பிடித்து உலாவ அழைத்துப்போவார். வழியிலே ஒரு கோவிலில் நுழைந்து தேவநற்கருணையைச் சந்திப்பார்கள். இராத்திரி சிறிது விளையாட்டு, சிறிது வாசிப்பு, தகப்பனாரின் பாட்டு, பின்பு எல்லாரும் கூடிச் செபம். செபத்தின்போது தெரேசா தகப்பனாருக்கு அருகில் இருப்பாள். அர்ச்சியசிஷ்டவர்கள் எப்படிச் செபிப்பார்கள் என்று அறிய, அவருடைய முகத்தைப் பார்ப்பதே தனக்குப் போதுமாயிருந்தது என்று அவள் பிற்காலத்தில் எழுதினாள்.

இந்த இடத்தில் தகப்பன்மாருக்கு ஒரு வார்த்தை. அந்தத் தாயார் என்னிடம் சொன்ன கதையில் சின்னவன் வந்தான், பெரியவள் வந்தாள், நடுவுள்ளவன் வந்தான், அடித்த தாயும் வந்தாள். தகப்பன் வரவேயில்லை. நான் கேட்டேன். "அவர் வெளித் திண்ணையில் கைப்பேசி பார்த்துக்கொண்டிருப்பார், சாமி" என்றார். உழைத்துக் களைத்து வருகிறீர்கள், அதை மறுக்கவில்லை. ஆனால் உங்கள் பிள்ளை செபநேரத்தில் எந்த முகத்தைப் பார்த்துக் கற்றுக்கொள்ளும்? செபம் என்பது பெண்களும் பிள்ளைகளும் செய்யும் காரியம், ஆண் வளர்ந்துவிட்டால் அதை விட்டுவிடலாம் என்ற பாடத்தை, வாய் திறவாமலே, தினந்தோறும் திண்ணையிலிருந்து கற்பித்துக்கொண்டிருக்கிறீர்கள். அந்தப் பாடத்தை எந்த ஞாயிறு வகுப்பாலும் அழிக்க முடியாது.

ஆகவே உங்களுக்கு நான் சொல்லும் புத்திமதி இது.

சுருக்கமாய்த் தொடங்குங்கள். ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகள் இருக்கும் வீட்டில் ஐம்பத்துமூன்று மணியையும் அழுகையோடு உருட்டுவதைவிட, பத்து மணியை அன்போடு சொல்லுவது மேல். பிள்ளைகள் படுத்தபின் மீதியைப் புருஷனும் பெண்சாதியுமாகச் சொல்லலாம். சின்னவன் எழுந்து நடந்தால் நடக்கட்டும். சுற்றிவந்தாலும் அவன் காது அங்கேதான் இருக்கும். செபநேரத்தில் பிள்ளையை அடிக்காதேயுங்கள். செபத்தோடு அடியையும் சேர்த்துக் கற்ற பிள்ளை, வளர்ந்தபின் அடிக்கு விலகுவதுபோலச் செபத்துக்கும் விலகும்.

வேலையோடு வேலையாய்க் கற்பியுங்கள். தலைவாரும்போது ஒரு ஞானோபதேசக் கேள்வி. சோறு போடும்போது, இதைத் தந்தவர் யார் என்று ஒரு வார்த்தை. பள்ளிக்குப் புறப்படுகையில் நெற்றியில் சிலுவை அடையாளம். வழியில் கோவிலைக் கடக்கும்போது உள்ளேயிருக்கும் சேசுநாதருக்கு ஒரு வணக்கம். பக்கத்து வீட்டில் சாவு நேர்ந்தால், அந்த ஆத்துமத்துக்காக அப்பொழுதே ஒரு சிறு மந்திரம். இதற்கெல்லாம் தனி நேரம் தேவையில்லை.

கோபத்தில் வரம்பு மீறிவிட்டால், பிள்ளையிடம் மன்னிப்புக் கேளுங்கள். மரியாதை குறைந்துவிடும் என்று அஞ்சவேண்டாம். "அம்மா கோபத்தில் அடித்துவிட்டேன், அது தப்பு, ஆண்டவரிடமும் கேட்டுக்கொண்டேன்" என்று ஒரு தாய் சொல்லக் கேட்ட பிள்ளைக்குப் பாவசங்கீர்த்தனம் என்றால் என்னவென்று விளக்கவே வேண்டாம்.

இப்படிச் சொல்லுகிற நானும் அதையே செய்யக் கடமைப்பட்டிருக்கிறேன். அந்தத் தாயாரிடம் அன்றே வாசலில் நின்று மன்னிப்புக் கேட்டேன். அவர் வெட்கப்பட்டு, "போங்க சாமி" என்று சிரித்துவிட்டார். இனிமேல் கைக்குழந்தையோடு பிந்தி வருகிறவர்களை நான் திரும்பிப் பார்க்கமாட்டேன். பூசையில் குழந்தை அழுதால் பிரசங்கத்தை நிறுத்தி முறைக்கவும் மாட்டேன். அக்கம்பக்கத்தில் இருக்கும் பெரியவர்களும் முகம் சுளிக்காமல், அழுகிற பிள்ளையைச் சற்று வாங்கி வைத்துக்கொள்ளும்படி கேட்டுக்கொள்ளுகிறேன். பிள்ளைச் சத்தமே கேட்காத கோவில் நாளைக்கு வெறுங்கோவிலாகும்.

நாசரேத்தூர்த் திருக்குடும்பத்தை நினைத்துக்கொள்ளுங்கள். பன்னிரண்டு வயதுப் பிள்ளையைக் காணாமல் மூன்று நாள் அலைந்து தேடின தேவமாதாவும் அர்ச். சூசையப்பரும் வீட்டுக் கலக்கம் இன்னதென்று அறியாதவர்களல்ல. கண்டுபிடித்தபின் பிள்ளை சொன்ன பதிலும் அவர்களுக்கு விளங்கவில்லை என்று சுவிசேஷம் சொல்லுகிறது. ஆயினும் மூவருமாய் வீடு திரும்பினார்கள். சேசுநாதர் அவர்களுக்குக் கீழ்ப்பட்டிருந்து, அந்தச் சிறு வீட்டிலேயே ஞானத்திலும் வயதிலும் வளர்ந்தார்.

இன்று இரவு உங்கள் வீட்டிலும் சத்தம் இருக்கும். செபம் பாதியில் நின்றாலும் நிற்கும். மனந்தளரவேண்டாம். நாளை இராத்திரி மறுபடி தொடங்குங்கள். தகப்பன்மாரே, திண்ணையிலிருந்து எழுந்து உள்ளே வந்து, பிள்ளையின் பக்கத்தில் உட்காருங்கள்.

ஆண்டவருடைய ஆசீர்வாதம் உங்கள் வீடுகள்மேல் தங்குவதாக.

உங்கள் பங்குக் குரு