தாமோதரனைக் கட்டிய தாம்பு

ஸ்ரீமதே ராமாநுஜாய நம:

உலகனைத்தையும் தன் திருவயிற்றில் ஒடுக்கும் எம்பெருமான், ஓர் ஆய்ச்சியின் கைக்கயிற்றுக்குக் கட்டுண்டு தாமோதரன் என்னும் திருநாமம் பெற்றான். ஸ்ரீமத் பாகவதம் தசம ஸ்கந்தத்தின் ஒன்பதாம் அத்யாயத்தில் வரும் இச்சரிதத்தை வெறும் பிள்ளை விளையாட்டாகக் கேட்டுப் போகலாகாது. பதின்மூன்று, பதினான்கு வயது மக்களை உடைய பெற்றோர்க்கு இதில் பெரியதோர் உபதேசம் அடங்கியுள்ளது.

தயிர்த்தாழி உடைந்தது கண்ட யசோதைப் பிராட்டி கோலெடுத்துத் துரத்தினாள். குழந்தை அஞ்சிக் கண்ணைக் கசக்கியதைக் கண்டதும் கோலை எறிந்துவிட்டாள்; ஆனால் தவற்றைக் கண்டும் காணாதவளாய் விட்டுவிடவில்லை, கட்டவே நினைத்தாள். எத்தனைக் கயிறுகளை முடிந்தபோதிலும் இரண்டு அங்குலம் குறைந்தது. மேனி வியர்த்து, குழலில் சூடிய பூச்சரிந்து அவள் இளைத்ததைப் பார்த்தபின்பே அவன் கட்டுண்ண இசைந்தான். பிள்ளையைக் கட்டியது கயிற்றின் நீளமன்று. தனக்காகத் தாய் பட்ட பாட்டை அவன் கண்டதே.

அடுத்த அத்யாயத்தில் வேறு இரு பிள்ளைகளைக் காண்கிறோம். நளகூபரன், மணிக்ரீவன் என்னும் அவ்விருவரும் செல்வத்துக்கு அதிபதியான குபேரனின் மைந்தர்கள். மதுவுண்டு மயங்கிக் கங்கையில் பெண்களுடன் ஆடினர். நாரத மஹரிஷி அவ்வழி வந்தபோது அப்பெண்கள் நாணி ஆடை உடுத்தனர். இவர்களுக்கோ அந்த நாணமும் இல்லை. தந்தை அவர்களுக்கு எந்தப் பொருளையும் குறைவைத்தாரல்லர். அவர் கண்டித்ததாகவோ ஒரு சொல்லும் அங்கில்லை. தந்தை செய்ய வேண்டியதை முனிவர் சாபமாகச் செய்தார். அவர்கள் இரட்டை மருதமரங்களாகி நின்றனர்.

அம்மரங்களை வீழ்த்தி அவர்களை விடுவித்தவன் யார்? தாயால் கட்டுண்ட கண்ணனே. கட்டு அவனை நடக்கவொட்டாமல் தடுக்கவில்லை. வீட்டு உரல் அவன் சென்ற இடமெல்லாம் உடன் சென்றது. கட்டுண்டவன் கட்டற்றவர்களைக் காத்தான்!

மேனாட்டிலும் இதே பொருளைக் கண்டவர் உண்டு. ட்ராவிஸ் ஹிர்ஷி என்னும் அமெரிக்க சமூகவியல் அறிஞர், இளைஞர் குற்றங்களின் காரணங்களை ஆராய்ந்து 1969-இல் ஒரு நூல் வெளியிட்டார். பெற்றோர் எந்நேரமும் அருகில் இருத்தல் இயலாது. ஆசை தூண்டும் அந்தக் கணத்தில் அவர்கள் பிள்ளையின் நெஞ்சில் தோன்றுகிறார்களா என்பதே முக்கியம் என்றார். உடன் செல்லும் உரல் இதுவேயன்றோ?

கல்பாக்கத்தில் தாய் தந்தையர் பலர் ஷிப்டு முறையில் பணிபுரிவோர். பிள்ளை பள்ளி விட்டு வரும்போது வீடு பூட்டியிருக்கலாம். அக்குறையை ஈடுசெய்ய மோட்டார் சைக்கிளின் சாவியைக் கையில் கொடுத்துவிடுவது பாசமாகாது. கிழக்குக் கடற்கரைச் சாலையின் வேகம் பிள்ளையின் வயதைப் பாராது. 2019-ஆம் ஆண்டு திருத்தப்பெற்ற மோட்டார் வாகனச் சட்டம், சிறுவர் வண்டியோட்டிக் குற்றம் புரிந்தால் பெற்றோருக்கோ வாகன உரிமையாளருக்கோ 3 ஆண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் விதிக்க இடமளிக்கிறது. மகன் செய்த பிழைக்குத் தந்தையும் பொறுப்பு என்பதைச் சட்டமும் ஒப்புக்கொண்டது.

கட்டுப்பாடு சக்தியை அழிப்பதன்று என்பதை இவ்வூரார்க்கு எடுத்துரைக்க வேண்டுவதில்லை. 1984 ஜனவரியில் வணிக ரீதியாக இயங்கத் தொடங்கிய சென்னை அணுமின் நிலையத்தில், அணுப்பிளவை அளவோடு நிகழச் செய்தமையாலன்றோ விளக்கெரிந்தது! இளமையும் அத்தகைய சக்தியே.

சரிதத்தின் முடிவையும் மறக்கலாகாது. உரலை இழுத்துவந்த மைந்தனைக் கண்ட நந்தகோபர் சினந்தாரல்லர். புன்முறுவலுடன் கட்டை அவிழ்த்தார். கட்டத் தெரிந்த கைக்கு அவிழ்க்கும் காலமும் தெரிய வேண்டும். பிள்ளை பொய் சொல்லாமல் வந்து நிற்கும் நாளில் அவனை நகைமுகத்துடன் எதிர்கொள்ளும் வீட்டுக்கே அவன் மறுபடியும் மெய்யுடன் வருவான்.

உத்ஸவத்துக்கு எழுந்தருளும் பெருமானை ஸேவிக்கப் பிள்ளைகளைக் கைப்பிடித்து அழைத்து வாருங்கள். திரும்பும் வழியில் அவர்கள் சொல்வதைச் செவிமடுத்துக் கேளுங்கள். தாம்பு முடியத் தொடங்கும் இடம் அதுவே.

ஸர்வம் ஸ்ரீக்ருஷ்ணார்ப்பணமஸ்து.