நீரற்ற தூண்டில்

ஒரு திறமை மெய்யானதா, போலியானதா என்பதை எதைக் கொண்டு அறிவது? அதனால் கைக்கு வரும் பொருளைக் கொண்டா? அதனைப் பெறுவதற்கு மனிதன் பட்ட பாட்டைக் கொண்டா? அல்லது அது அவனுள் பதிந்து நிற்கும் நிலையைக் கொண்டா? கிரேக்க ஞானிகளும் அரபு அறிஞர்களும் ஆராய்ந்த பழைய வினா இது. இன்று கைப்பேசித் திரையின் வழியே மீண்டும் நம் வீட்டு முற்றத்துக்கு வந்திருக்கிறது. திரைக்குள்ளே ஓர் ஆறு, அதில் மீன், கரையில் தூண்டிலுடன் ஒரு சிறு பொம்மை மனிதன். அவனை இயக்கும் பிள்ளை, "நான் மீன் பிடிப்பதில் தேறிவிட்டேன்" என்கிறான். தேறியது யார்? எதில்?

வீண் பொழுது என்று ஒரே சொல்லில் தள்ளிவிடுவது எளிது. பெரியவர்களிற் பலர் அவ்வாறே செய்கின்றனர். ஆனால் பொருளை அறியாமல் தீர்ப்புக் கூறுவது காளிக்கு அழகன்று. ஆகலின் முதலில் விளையாட்டைப் பார்ப்போம்.

ஸ்டார்டியூ வேலி என்பது அதன் பெயர். எரிக் பரோன் என்னும் அமெரிக்கர் நாலரை ஆண்டுக் காலம் தன்னந்தனியே உழைத்து 2016 பிப்ரவரி 26 அன்று வெளியிட்டார். ஓவியம், இசை, கதை யாவும் அவர் ஒருவருடைய கைவேலையே. 1996-இல் ஜப்பானில் தோன்றிய ஹார்வெஸ்ட் மூன் என்னும் உழவு விளையாட்டின் வழிவந்தது இது. 2018, 2019 ஆண்டுகளில் கைப்பேசிக்கும் வந்துவிட்டது. கதை சுருக்கமானது. பெரிய நிறுவனம் ஒன்றில் கணினி முன் அமர்ந்து சலித்துப்போன ஒருவன், தன் பாட்டனார் விட்டுச் சென்ற கடிதத்தைப் பிரிக்கிறான். ஒரு பள்ளத்தாக்கில் அவனுக்கென்று பாழடைந்த நிலம் ஒன்று காத்திருக்கிறது. வேலையை உதறிவிட்டு அங்கே சென்று கல் பொறுக்கி, களை நீக்கி, விதைத்து, அறுத்து, ஓய்ந்த நேரத்தில் ஆற்றில் தூண்டில் போட்டு வாழத் தொடங்குகிறான்.

விதைப்பதும் அறுப்பதும் அங்கே மிக எளிது. நாள் தவறாமல் நீர் ஊற்றினால் போதும். தூண்டில் மட்டும் அப்படியன்று. புதிதாக விளையாட வருவோர் பெரும்பாலும் இங்கேதான் திணறுகின்றனர். மீன் கடித்ததும் திரையில் நெட்டுக்குத்தாக ஒரு கட்டம் தோன்றும். அதனுள் ஒரு மீன் மேலும் கீழும் ஓடும். பச்சை நிறப் பட்டை ஒன்று உண்டு. விரலை அழுத்தினால் பட்டை எழும். விட்டால் தன் பாரத்தால் விழும். வேகமாக விழுந்தால் அடித்தளத்தில் மோதித் துள்ளும். மீன் பட்டைக்குள் இருக்கும்வரை பக்கத்திலுள்ள அளவுகோல் நிரம்பும், விலகினால் வற்றும். முழுதும் நிரம்பினால் மீன் நம்முடையது; முழுதும் வற்றினால் மீன் போயிற்று.

கற்றுக்குட்டி என்ன செய்கிறான்? மீன் மேலே ஓடுகிறது என்று கண்டதும் விரலை இறுக அழுத்துகிறான். பட்டை மீனையும் தாண்டி உச்சிக்குப் போய்விடுகிறது. பதறி விரலை எடுக்கிறான். பட்டை கல்லாய் விழுகிறது. தேர்ந்தவனோ அழுத்துவதே இல்லை. தட்டுகிறான், மழைத்துளி ஓட்டின்மேல் விழுவதுபோல. மீன் இப்போது இருக்கும் இடத்தை விட்டு, அது போகும் போக்கைப் பார்க்கிறான். சில மீன்கள் அடிநோக்கி ஆழும். சில மேல்நோக்கி மிதக்கும். கெளுத்தி போன்றவை இரண்டிலும் அடங்காமல் பாயும். ஒவ்வொன்றின் குணத்தையும் விரல் அறிந்துகொள்கிறது. ஆம், விரல்தான், அறிவு அதன்பின் மெல்ல வருகிறது.

நம் ஷாஃபிஈ மத்ஹபின் அறிஞர்கள் விளையாட்டுகளைப் பற்றிப் பேசுமிடத்து ஒரு நுட்பமான வேறுபாடு காட்டுவர். பகடை தற்செயலைச் சார்ந்தது. சதுரங்கம் சிந்தனையைச் சார்ந்தது. ஆகலின் இரண்டுக்கும் ஒரே தீர்ப்பன்று என்பர். சூதும் தொழுகையைத் தவறவிடுதலும் சேராதவரை சதுரங்கத்தைத் தடுக்கப்பட்டது என்னாமல் வெறுக்கத்தக்கது என்ற அளவில் நிறுத்துவோர் அவர்களுள் பலர். திரைத்தூண்டிலில் இவ்விரண்டும் கலந்திருக்கின்றன. எந்த மீன் வந்து கடிக்கும் என்பது, பருவமும் வானிலையும் பொழுதும் வகுத்த எல்லைக்குள், பகடையே. கடித்ததைக் கரைசேர்ப்பது சதுரங்கத்தின் பக்கம் நிற்பது. தேர்ச்சி என்ற பேச்சுக்கு இடமுள்ளது இரண்டாவதில் மட்டுமே.

அத்தேர்ச்சியிலும் இரண்டு பொருள்கள் ஒரு பெயரால் வழங்குகின்றன. அவற்றைப் பிரிக்காமல் பேசுவதனால்தான் இவ்வளவு குழப்பமும்.

விளையாட்டில் மீன்பிடித் திறனுக்கு 10 படிகள் உண்டு. மீன் பிடிக்கப் பிடிக்கப் புள்ளி சேரும், படி உயரும், ஒவ்வொரு படியிலும் அந்தப் பச்சைப் பட்டை சற்றே நீளும். அதாவது ஆட்டக்காரன் தேறத் தேற ஆட்டமும் எளிதாக்கப்படுகிறது. இது ஆக்கியோன் அளித்த கொடை. எண்ணாகப் பொறிக்குள்ளே கிடப்பது. அக்கோப்பை அழித்தால் பத்தாம் படியும் அழிந்துபோம். மற்றொன்று விரலில் ஏறிய பழக்கம். கோப்பை அழித்துவிட்டு மறுபடியும் மூங்கில் தூண்டிலோடு, பட்டை குறுகிய முதல் நாளிலிருந்து தொடங்கச் சொல்லுங்கள். பழகியவன் முதல் மீனையே பிடித்துவிடுவான். முன்னது அவன் பெற்றது. பின்னது அவன் ஆனது.

இன்னொன்றும் கவனிக்கத் தக்கது. தப்பிப்போன மீனுக்கு விளையாட்டு ஒரு புள்ளியும் தருவதில்லை. ஆனால் விரல் பாடம் கற்றது பெரும்பாலும் அந்தத் தப்பிப்போன மீன்களிடமே. கணக்கில் ஏறாத இடத்தில்தான் கல்வி நடந்திருக்கிறது!

துனீஸில் 1332-இல் பிறந்து கெய்ரோவில் 1406-இல் மறைந்த இப்னு கல்தூன் தம் முகத்திமாவில் இதற்கு 'மலகா' என்று பெயரிடுகிறார். ஒரு செயலை மீண்டும் மீண்டும் செய்வதனால் அதன் வடிவம் ஆன்மாவில் ஊன்றி நிலைபெறும் தன்மை என்று தமிழில் அதனை விரிக்கலாம். வெறும் 'திறமை' என்ற சொல் அவ்வளவு ஆழம் தாங்காது. மொழியின் இலக்கண விதிகளை அறிவது வேறு, மொழியின் மலகா வேறு என்று அவர் காட்டுமிடம் மிகச் சுவையானது. தையற்கலையை வாயால் விளக்குவான் ஒருவன்: ஊசியில் நூலை இப்படிக் கோக்க வேண்டும், துணியில் இப்படி ஏற்றி இப்படி வாங்க வேண்டும் என்பான், கையில் துணியைக் கொடுத்தால் விழிப்பான். மதரஸாவில் சர்ஃபு ஓதிக்கொடுக்கும் எவரும் இதைக் கேட்டுச் சிரிக்காமல் இருக்க முடியாது. பதினான்கு வடிவங்களையும் பிழையின்றி ஒப்பித்த மாணவர், ஓர் அரபியர் நலம் விசாரித்தால் வாயடைத்து நிற்பதை நாம் காணவில்லையா? திரைத்தூண்டிலுக்கும் குறிப்புகள் எத்தனையோ எழுதப்பட்டிருக்கின்றன. அவற்றைப் படித்து மனப்பாடம் செய்தவனுக்கும் மீன் தப்பியே போகும், கை பழகும்வரை.

அதே இப்னு கல்தூன் நமக்கொரு கடிவாளமும் இடுகிறார். ஒரு தொழிலின் மலகா ஊன்றியவனுக்கு மற்றொன்றின் மலகா அரிதாகவே அமையும். தையலில் தேர்ந்தவன் தச்சில் அவ்வாறு தேறுவதில்லை என்கிறார். இதனால், திரையில் பத்தாம் படி ஏறியவன் மணிமுத்தாறு அணையில் தூண்டில் போட்டால் கெண்டை அகப்படும் என்று எண்ணுவது பேதைமை. மண்புழுவைக் கோப்பதும், தக்கையின் நடுக்கத்தைக் காற்றா மீனா என்று பிரித்தறிவதும், கடித்த கணத்தில் மணிக்கட்டைச் சுண்டுவதும் வேறு கையின் வேலை. நீரில்லாத தூண்டிலில் கற்றது நீரில் செல்லாது. 'விளையாட்டு மூளையை வளர்க்கும்' என்று பொதுப்படப் பேசுவோரிடம் இவ்வளவையேனும் சொல்லிவைப்பது நலம்.

அப்படியாயின் அம்மலகா எதற்குதவும்? இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் இஹ்யாவில் நற்குணப் பயிற்சியைப் பேசும்போது எழுத்தணிக் கலைஞனை உவமையாக்குகிறார்கள். அழகிய எழுத்தனாக விரும்புபவன் அவ்வெழுத்தன் கையால் செய்வதை முதலில் வருந்தித் தானும் செய்கிறான். நாளடைவில் அது அவன் இயல்பாகிறது. உறுப்பின் செயல் உள்ளத்தைத் திருத்துகிறது. திருந்திய உள்ளம் மீண்டும் உறுப்பை ஆள்கிறது. இவ்வளவுக்கே நான் திரைத்தூண்டிலுக்கு இடம் தருவேன். பதறாமை, அளவறிந்து அழுத்துதல், நழுவியதைத் துரத்தாமல் அதன் போக்கை நோக்குதல் ஆகியன தொழிலின் மலகா அல்ல, நஃப்ஸின் பழக்கம். அது வாழ்வுக்குள் ஏறுமா, திரையோடு நின்றுவிடுமா என்பது பிள்ளைக்குப் பிள்ளை வேறுபடும். மீன் தப்பியதும் கைப்பேசியைச் சுவரில் எறியும் பிள்ளைகளும் உண்டே! பள்ளி முடிந்த பிள்ளையை விளையாட விடவேண்டும், இல்லையேல் நெஞ்சம் மரத்துப்போகும் என்று கருதியவர்களும் அதே இமாமவர்கள்தாம்.

குறுக்கு வழிக்காரர்களைப் பற்றி ஒரு சொல். அந்தப் பச்சைப் பட்டைப் போராட்டத்தையே நீக்கி, போட்டவுடன் மீன் வருமாறு செய்யும் சிறு நிரல்கள் கிடைக்கின்றன. சனிக்கிழமை மீன்பிடித்தல் விலக்கப்பட்ட கடற்கரையூரார் முன்னாளிலேயே வலைவிரித்து வைத்துப் பின்னாளில் அள்ளிய செய்தியைத் தஃப்ஸீர் ஆசிரியர்கள் விளக்குவர். சட்டத்தின் சொல்லைக் காத்து அதன் உயிரைக் கொன்றவர்கள் அவர்கள். விளையாட்டில் இவ்வாறு செய்வது பாவம் என்று நான் கூறவரவில்லை. மீனைப் பெற்றுக்கொண்டு மீன்பிடித்தலை இழந்தார்கள் என்று மட்டும் கூறுவேன். பாபநாசம் படித்துறையில் பொரி போட்டால் மீன்கள் கையருகே வந்து மொய்க்கின்றன. அங்கே யாரும் தம்மை மீன்பிடிப்பில் வல்லவர் என்று சொல்லிக்கொள்வதில்லை.

இனி, இக்கட்டுரைக்கு என்னைத் தூண்டிய பக்கத்துக்கு வருகிறேன். மேலப்பாளையத்தில் மாலை வேளையில் என்னிடம் அரபு இலக்கணம் ஓத வரும் இளைஞர் ஒருவர் மாஞ்சோலையில் பிறந்தவர். மணிமுத்தாற்றுக்கு மேலே மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து, குதிரைவெட்டி என்று மலைமடிப்புகளில் கிடக்கும் தேயிலைத் தோட்டங்களை நெல்லை வாசகர்கள் அறிவர். சிங்கம்பட்டி ஜமீனிடமிருந்து 1929-இல் பம்பாய் பர்மா வர்த்தக நிறுவனம் 99 ஆண்டுக் குத்தகைக்குப் பெற்ற எண்ணாயிரத்துக்கு மேற்பட்ட ஏக்கர் காட்டில் உருவானவை அவை. தலைமுறை தலைமுறையாக அங்கே கொழுந்து பறித்தவர்கள், 2028-இல் குத்தகை முடியுமுன்னரே, 2024-இல் விருப்ப ஓய்வுத் திட்டத்தில் கையெழுத்திட்டு இறங்கத் தொடங்கினர். அவ்விளைஞரின் தாயாரும் அவர்களுள் ஒருவர்.

தேயிலைக் கொழுந்து பறித்தலினும் தெளிவான மலகாவை நான் கண்டதில்லை. இரண்டு இலையும் ஒரு மொட்டும். முற்றியதைத் தொடாமல், இளையதைக் கசக்காமல், கண் வேறெங்கோ பார்த்திருக்க விரல் தானே தேர்ந்து கிள்ளும். சரிவில் கால் நழுவாமலும் அட்டைக் கடியைப் பொருட்படுத்தாமலும் முதுகுச் சுமையோடு நகர்ந்துகொண்டே செய்யும் வேலை அது. மழையிலும் பனியிலும் முப்பது ஆண்டுகள் பழகிய கை. அந்தக் கைக்கு எந்தப் படி உயர்ந்தது? எந்தப் பட்டை நீண்டது? ஊதிய உயர்வும் சிறைப்பட்ட தோழர்களின் விடுதலையும் கேட்டு அவர்கள் நெல்லைக்கு இறங்கி வந்த 1999 ஜூலை 23 அன்று, காவலரின் தடியடிக்கு அஞ்சி இறங்கிய தாமிரபரணி ஆற்றில் 17 உயிர்கள் போயின.

"ஹஜ்ரத், இதில் எத்தனை மீன் பிடித்தேனோ அத்தனைக்கும் கணக்கு இருக்கிறது. பட்டை நீளுகிறது, தூண்டில் மாறுகிறது, விலை கூடுகிறது. நிலமும் பாட்டா பெயரிலேயே இருக்கிறது" என்றார் அவர். குறையாகச் சொல்லவில்லை, விளையாட்டின் விதியை விளக்குபவர் போலத்தான் சொன்னார். எனக்கு மறுமொழி உடனே வரவில்லை.

அவர் தாயாரிடம் மெய்யான மலகா இருக்கிறது. அது பயில இனி இடமில்லை. மகனிடம் இடம் இருக்கிறது, நாளும் பருவமும் தவறாமல். அதில் நீர் இல்லை. இவற்றுள் எதனைப் போலி என்பது? விரலின் உழைப்பு இருவரிடத்தும் மெய். உழைப்புக்கேற்ற உயர்வு என்னும் நீதியை மட்டும் விளையாட்டு உலகத்திடமிருந்து கடன் வாங்கவில்லை. உலகத்தில் அது கிடைக்காமையால் தானே செய்து வைத்துக்கொண்டது. அந்த நீதிக்காகவே பிள்ளைகள் அங்கே போகிறார்கள் என்று நான் நினைக்கிறேன், மீனுக்காக அன்று. 'வீண்' என்று ஏசுகின்ற பெரியவர்கள் ஏசுமுன், கற்ற கைக்கு இவ்வூரில் என்ன கொடுத்தோம் என்று கேட்டுக்கொள்வது கடமையாகிறது.

அவ்விளைஞரை நான் தடுக்கவில்லை. பாடம் முடியட்டும், மஃக்ரிப் தவறாதிருக்கட்டும் என்று மட்டும் வரையறுத்தேன். விடுமுறையில் அவருடைய மாமாவோடு மணிமுத்தாற்றுக்குப் போய் மெய்த்தூண்டிலும் போட்டுப் பார்த்தாராம். மூன்று மணி நேரத்தில் ஒரு குறவை. திரையில் பத்தாம் படியைத் தொட்டுவிட்டார். வசந்த காலத்து மழை நாளில் மலையேரியில் மட்டும் அகப்படும் 'லெஜண்ட்' என்னும் பெருமீன் இரண்டு முறை கடித்து இரண்டு முறையும் போய்விட்டதாம். சர்ஃபில் இன்னும் 'முஅதல்' வினைகளிலேயே தடுக்கிக்கொண்டிருக்கிறார்.