இல்லத்துப் பூச்சியும் இல்லறத்தார் கடமையும்

நோயைப் பரப்பும் பூச்சி இல்லத்திலேயே குடிபுகுந்துவிட்டால், கொல்லாமையை அணுவிரதமாக ஏற்ற இல்லறத்தார் யாது செய்வது? நம் குடும்பங்களில் அடிக்கடி எழும் வினா இது. தென் அமெரிக்காவில் அறிவியலார் கண்ட ஓர் உண்மை, இதனைத் தெளிவாகச் சிந்திக்க உதவுகின்றது.

பிரேசில் நாட்டு மருத்துவர் கார்லோஸ் ஷாகாஸ், மண்சுவர் வீடுகளில் வாழும் பூச்சிகளால் பரவும் ஒரு நோயை 1909 ஆம் ஆண்டில் கண்டறிந்தார். அந்நோய் இன்று அவர் பெயராலேயே வழங்குகின்றது. மூட்டைப்பூச்சியினும் பெரிதான அப்பூச்சி, பகலில் சுவர்ப் பிளவுகளிலும் கூரைப் புல்லிலும் ஒளிந்திருந்து, இரவில் உறங்குவோரின் இரத்தத்தை உண்ணும். அதன் கழிவிலுள்ள நுண்ணுயிர் புண்ணின் வழியாகவோ கண்ணின் வழியாகவோ உடலினுட் புகும். நோயுற்றோரிற் பலர் பல்லாண்டுகள் அதனை அறியாமலே வாழ்வர். பின்னர் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினர் இதயம் நலிந்து துன்புறுவர்.

1991 ஆம் ஆண்டில் அர்ஜென்டினா, பிரேசில், சிலி உள்ளிட்ட ஆறு நாடுகள் ஒன்றுகூடி, வீடுதோறும் பூச்சிக்கொல்லி தெளிக்கத் தீர்மானித்தன. அங்கு முதன்மையாக நோய் பரப்பிய பூச்சியினத்தால் நோய் பரவுவது உருகுவேயில் 1997 இலும், சிலியில் 1999 இலும், பிரேசிலில் 2006 இலும் தடுக்கப்பட்டதாக அறிவிக்கப்பட்டது. எண்ணற்ற குழந்தைகள் காப்பாற்றப்பட்டனர் என்பதை மறுத்தல் ஆகாது. ஆயினும் அர்ஜென்டினா, பொலிவியா, பராகுவே நாடுகளிற் பரந்துள்ள கிரான் சாக்கோ என்னும் வறண்ட காட்டுப் பகுதியில், தெளித்த வீடுகளிலேயே பூச்சிகள் மீண்டும் மீண்டும் தோன்றின.

அவை எங்கிருந்து வந்தன? மரபணுக்களை ஒப்பிட்டு அவற்றின் உறவுமுறையை ஆராய்ந்தனர். பல ஊர்களில், மீண்டும் வந்தவை தொலைவிலிருந்து வந்த புதியவை அல்ல. மருந்துக்குத் தப்பி, அவ்வீட்டுப் பிளவிலோ அருகிலுள்ள கோழிக்கூட்டிலோ ஆட்டுப்பட்டியிலோ எஞ்சியவற்றின் சந்ததியே என்று தெரிந்தது. சில இடங்களில் மருந்தைத் தாங்கும் ஆற்றலும் வழிவழியாகப் பெருகிற்று.

இதிலிருந்து நாம் அறியத்தக்கவை இரண்டு. முதலாவது, அப்பூச்சி நோயுடன் பிறப்பதில்லை. நோயுற்ற மனிதர், நாய் முதலிய உயிர்களின் இரத்தத்தை உண்ட பின்னரே அது நோயைச் சுமக்கின்றது. பெற்றோர் வழியாகக் குஞ்சுக்கு நோய்க்கிருமி செல்வதில்லை. எனவே ஒரு குலம் முழுவதையும் பிறப்பாலேயே பகையெனக் கருதுவது உண்மைக்கு மாறானது. இரண்டாவது, பிளவை மூடாது கொல்லும் கொலை, அடுத்த கொலைக்கு வித்தாகின்றது. ஒருமுறை தெளித்தோம் என்று அமைந்திருக்கும் அசட்டையே ஆண்டுதோறும் ஹிம்சையை வளர்க்கின்றது.

“அப்படியாயின் ஒரே முறை வேரோடு அழித்துவிட்டால் மொத்தக் கொலை குறையாதோ?” என்று சிலர் வினவலாம். எளிதில் ஒதுக்கத்தக்க வினா அன்று இது. குழந்தையைக் காக்கத் துணியும் தாயின் செயல், வேண்டுமென்றே செய்யும் சங்கல்ப ஹிம்சை ஆகாது. அது தற்காப்பிற்கான விரோத ஹிம்சையின்பாற்படும். அவளைப் பழித்தல் தகாது. ஆயினும் தவிர்த்திருக்கக்கூடிய கொலைக்கு, “வேறு வழியில்லை” என்னும் சமாதானம் பொருந்தாது. பிளவு இருக்கும்வரை புதிய பூச்சி குடிபுகவும் இடமுண்டு.

குவாத்தமாலா நாட்டுச் சிற்றூர்களில், உறவினமான வேறொரு பூச்சியைத் தடுக்க, உள்ளூரிற் கிடைக்கும் மண்ணும் எரிமலைச் சாம்பலும் கொண்டு சுவர்களைப் பூசினர். வீட்டினுள் வளர்த்த கோழிகளை வெளிக்கூடுகளுக்கு மாற்றினர். பூசும்போதும் சில உயிர்கள் மடியலாம். அது ஆரம்ப ஹிம்சை. ஆனால் அதன் பின் கொல்லவேண்டிய தேவை பெரிதும் குறைகின்றது. சுவர் பூச வசதியற்ற ஏழையை விரிசல்களுக்கிடையே உறங்க விட்டுவிட்டு, அவனுக்குக் கொல்லாமையை உபதேசிப்பதும் அறமாகாது. அவனுக்கு நல்ல வீடு கிடைக்கச் செய்வதும் அபயதானமே.

டெங்குவைப் பரப்பும் கொசு, நம் வீட்டில் மூடாத தொட்டியிலும் வாளியிலும் உள்ள நீரிலே பிறப்பது. முட்டையிட இடமளித்துவிட்டுப் பின்னர் கொல்வதா, விடுவதா என்று தயங்குவதினும், வாரந்தோறும் தொட்டியைத் துலக்கி மூடி வைத்தல் மேலானது. கொல்லாமை, கை ஓங்கும் நேரத்தில் தொடங்குவதன்று. நாள்தோறும் இல்லத்தைப் பேணும் விழிப்பிலேயே தொடங்குகின்றது.