கீழே இறங்கு

பழகு, பழக்கு. தன்வினைக்கும் பிறவினைக்கும் வகுப்பில் நான் பிள்ளைகளுக்குச் சொல்லும் எடுத்துக்காட்டு இது. ஒரு ஒற்று கூடினால் போதும், வினை கைமாறிவிடுகிறது. பழகுகிறவர் ஒருவர், பழக்குகிறவர் இன்னொருவர். 'பழகு' என்பதில் சிநேகமும் இருக்கிறது. "அவரு நல்லாப் பழகுவாரு" என்கிறோம். 'பழக்கு' என்பதில் சிநேகம் கிடையாது. மாட்டை ஏருக்குப் பழக்குவது, யானையைக் கூப்புக்குப் பழக்குவது. எங்கள் பக்கத்தில் பண்ணைக்குப் போன பிள்ளைகளைப் பற்றியும் இப்படித்தான் பேசுவார்கள்: "சின்னதுலயே பழக்கிடணும், வளந்துட்டா மடங்காது."

அதனால்தான் ஒரு நாயை சோபாவில் ஏறாமல் பழக்குவது எப்படி என்ற சின்ன விஷயம் எனக்குச் சின்னதாக இல்லை. இந்த இதழில் இதை எழுதப் போகிறேன் என்றதும் தோழர் ஒருவர் முகம் சுளித்தார். "நாற்காலிக்காக வெட்டுப்பட்டு செத்திருக்கோம். 1997-ல மேலவளவுல என்ன நடந்ததுன்னு தெரியாதா? நீங்க நாய்க்குட்டிய எழுதறீங்க. நாயையும் நம்மையும் பக்கத்துல பக்கத்துல வெக்கலாமா?" அவர் கோபம் நியாயமானது. நம்மை நாயோடு சேர்த்து வைத்தவன் சும்மா வைக்கவில்லை. மனு தர்மத்தின் பத்தாம் அத்தியாயம் சண்டாளர்களை ஊருக்கு வெளியே குடிவைத்து, நாயும் கழுதையுமே அவர்களின் செல்வம் என்று எழுதி வைத்திருக்கிறது. அந்த நாயையாவது நிம்மதியாக வைத்திருக்க விட்டார்களா? சேரியில் ஆண் நாய் வளர்க்கக் கூடாது என்று தடை போட்ட ஊர்கள் நம் தென்மாவட்டங்களில் இருந்ததைக் கள ஆய்வுகள் பதிவு செய்திருக்கின்றன. சேரி நாய் ஊர் நாயோடு சேர்ந்துவிடுமாம். சாதி எதுவரைக்கும் போயிருக்கிறது பாருங்கள்.

ஆனால் நான் ஒப்பிட வந்தது நாயையும் நம்மையும் அல்ல. கம்பு பிடித்திருக்கிற கையை. அந்தக் கை இப்போது என் வீட்டில் என்னுடையது. அதைப் பற்றிப் பேச எனக்கு உரிமை இருக்கிறது, கடமையும் இருக்கிறது.

சோபா 2019-இல் தவணையில் வாங்கியது. எங்கள் இரண்டு பக்கக் குடும்பத்திலும் அதுதான் முதல் சோபா. 2021 மழையில் காலனி வாசலில் நனைந்துகொண்டிருந்த குட்டியை என் மகள் பையில் போட்டுத் தூக்கி வந்தாள். சாதாரணத் தெரு நாய். மணி என்று பெயர் வைத்தோம். (எங்கள் தெருவில் மனித மணிகள் இரண்டு பேர் இருக்கிறார்கள், இருவருக்கும் வருத்தமில்லை.) மூன்றாம் நாளே மணி சோபாவைக் கண்டுபிடித்துவிட்டது. மகளுக்கு இளைப்பு உண்டு. துணி போர்த்திய சோபாவில் நாய் முடி ஏறினால் ராத்திரியெல்லாம் மூச்சு இழுக்கும். ஆக, சோபாவில் நாய் கூடாது. காரணம் அவ்வளவுதான்.

பக்கத்து வீட்டுக்காரர் ஓய்வு பெற்றவர், நாய் வளர்த்தவர். அவர் வந்து யோசனை சொன்னார். "கையில ஒரு கம்பு வெச்சுக்குங்க டீச்சர். இன்னிக்கு சோபாவுல ஏறும், நாளைக்கு உங்க தலைமேல ஏறும். யாரு எஜமான்னு காட்டிடணும்." நல்லெண்ணத்தோடுதான் சொன்னார். எனக்குக் காது சுட்டது. ஏனென்றால் இந்த வாசகத்தை நான் திருக்கோவிலூர் பக்கம் எங்கள் ஊரில் நாயே இல்லாத இடத்தில் கேட்டிருக்கிறேன். வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு என் அப்பா டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்த அன்று கேட்டிருக்கிறேன். "இடங்கொடுத்தா மடத்தைப் பிடுங்குவானுங்க." "நாயைக் குளிப்பாட்டி நடுவூட்ல வெச்சாலும்..." என்று ஆரம்பித்து முடிக்காமல் விட்டார்கள். முடிக்க வேண்டிய அவசியமில்லை. நம் மொழியில் நாயைப் பற்றிய பழமொழிகள் பாதி நாய்க்காகச் சொன்னவை அல்ல.

'ஏறினால் எஜமானாகிவிடும்' என்கிற பயத்துக்கு விஞ்ஞானச் சட்டை மாட்டிவிட்ட கதை ஒன்று உண்டு. ருடால்ஃப் ஷெங்கெல் என்ற ஆய்வாளர் சுவிட்சர்லாந்தின் பாசல் மிருகக்காட்சி சாலையில் அடைபட்டிருந்த ஓநாய்களைக் கவனித்து 1947-இல் எழுதினார். அவை ஓயாமல் சண்டையிட்டன, மேல் கீழ் என்று அடுக்கு உண்டாக்கிக்கொண்டன என்றார். டேவிட் மெக் 1970-இல் எழுதிய ஓநாய் நூல் இந்தக் கருத்தை உலகம் பூராவும் கொண்டுபோனது. நாயும் ஓநாய் வம்சம்தானே, அதனால் நாயும் வீட்டில் தலைமைக்கு அலைகிறது, உயரமான இடத்தைப் பிடிக்கப் பார்க்கிறது, அதை அடக்கி வை என்று நாய் பழக்குகிறவர்கள் பாடம் நடத்தினார்கள். பிறகு மெக் காட்டில் சுதந்திரமாகத் திரிகிற ஓநாய்களோடு பல வருஷம் இருந்து பார்த்துவிட்டு, 1999-இல் வேறு மாதிரி எழுதினார். காட்டு ஓநாய்க் கூட்டம் என்பது ஒரு குடும்பம். தாய், தகப்பன், பிள்ளைகள். பதவிச் சண்டை கூண்டுக்குள் நடப்பது. தன் பழைய நூலை இனி அச்சிட வேண்டாம் என்று பதிப்பாளரிடம் அவரே கேட்டுக்கொண்டார். அந்தத் துணிச்சல் எனக்குப் பிடித்தது. நம் சாஸ்திரக்காரர்களில் எத்தனை பேர் இப்படிக் கேட்டிருக்கிறார்கள்?

கூண்டைக் கட்டியவன், கூண்டுக்குள் நடப்பதைப் பார்த்து, இதுதான் இவற்றின் இயற்கை என்று எழுதுகிறான். நாய் சோபாவில் ஏறுவது மெத்தென்று இருக்கிறது என்பதற்காக. ஜன்னல் வழியாகத் தெரு தெரிகிறது என்பதற்காக. நம் வாசனை அதில் இருக்கிறது என்பதற்காக. என் அப்பா பெஞ்சில் உட்கார்ந்ததும் கால் வலித்ததால்தான்.

இன்னொரு ஆய்வு இதைவிட ஆழமாக என்னைத் தொட்டது. தப்புச் செய்த நாய் காதை மடக்கி, வாலைச் சுருட்டி, கண்ணைத் தாழ்த்தி ஒரு பார்வை பார்க்குமே, அதைக் குற்ற உணர்வு என்கிறோம். அலெக்ஸாண்ட்ரா ஹோரோவிட்ஸ் 2009-இல் 14 நாய்களை வைத்து அதைச் சோதித்தார். தின்னாதே என்று சொல்லிவிட்டு உரிமையாளர் வெளியே போவார். அவர் இல்லாத நேரத்தில் சில நாய்களுக்குத் தின்னக் கிடைக்கும், சிலவற்றுக்குக் கிடைக்காது. திரும்பி வரும்போது அவரிடம் சில தடவை உண்மையும் சில தடவை பொய்யும் சொல்லப்படும். கடைசியில் தெரிந்தது இதுதான்: நாய் தின்றதா இல்லையா என்பதற்கும் அந்தப் பார்வைக்கும் தொடர்பில்லை. திட்டு விழுந்தால் அந்தப் பார்வை வருகிறது. தின்னாமலே திட்டு வாங்கிய நாய்தான் இன்னும் அதிகமாகக் குறுகியது.

இதைப் படித்துவிட்டு அன்று எனக்கு வேறு வேலை ஓடவில்லை. துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, வாயைப் பொத்திக்கொண்டு, முதுகு வளைந்து நின்ற நம் தாத்தன்மார்களின் உடம்பை ஆண்டைகள் எப்படிப் படித்தார்கள்? "விசுவாசம்." "அந்தக் காலத்து ஆளுங்க மரியாதை தெரிஞ்சவங்க." அந்த வளைவு ஆண்டையின் குரலுக்குக் கிடைத்த பதில். அவன் அதை அவர்களுடைய மனசு என்று படித்துக்கொண்டான். நம் இலக்கியத்தில் அந்த வளைவைப் பண்பாடு என்று எழுதிப் பரிசு வாங்கியவர்களும் இருக்கிறார்கள், அது தனிக் கதை.

சரி, மணியை எப்படிப் பழக்கினோம்? சுருக்கமாகச் சொல்கிறேன். ஜன்னல் ஓரத்தில் தெரு தெரிகிற இடமாகப் பார்த்து, பழைய போர்வையை நாலாக மடித்துப் போட்டோம். அதில் மணி உட்கார்ந்த ஒவ்வொரு தடவையும் ஒரு துண்டு வேகவைத்த முட்டை, அல்லது ஒரு தடவல். சோபாவில் ஏறினால் கத்துவதில்லை, கழுத்தைப் பிடித்து இழுப்பதில்லை. போர்வைப் பக்கம் போய் நின்று கூப்பிடுவோம், இறங்கி வந்தால் பாராட்டு. வீட்டில் எல்லோரும் ஒரே மாதிரி நடந்துகொள்வதுதான் கஷ்டமான பகுதி. ஒருநாள் கொஞ்சி மடியில் ஏற்றி, மறுநாள் அதே இடத்துக்கு அடித்தால் எந்த உயிருக்கும் ஒன்றும் விளங்காது. எப்போதாவது பலன் கிடைத்தால் அந்தப் பழக்கம் இன்னும் கெட்டியாகிவிடும் என்பது ஸ்கின்னர் காலத்திலிருந்தே தெரிந்த விஷயம். நடந்து முடிந்தபின் திட்டுவதில் பயனில்லை, எதற்கென்று நாய்க்குத் தெரியாது. இரண்டு மாதம் ஆனது.

இங்கேதான் எனக்குச் சிக்கல் வந்தது. மணிக்குத் தனி இடம் கொடுத்திருக்கிறேன், மெத்தென்று இருக்கிறது, அதற்கென்ன குறை? இந்த வாக்கியத்தை நாம் எங்கே கேட்டிருக்கிறோம்? தனிக் குவளை, தனிக் குளம், தனிச் சுடுகாடு. அம்பேத்கர் பள்ளிக்கூடத்தில் மூலையில் ஒரு கோணிமேல் உட்கார்ந்ததைத் தன் வாழ்க்கைக் குறிப்பில் எழுதியிருக்கிறார். அதுவும் 'தனி இடம்'தான். ஆகவே 'தனி இடம் கொடுத்தேன்' என்பதால் மட்டும் என் கை சுத்தமாகிவிடாது.

அந்தக் கோணியை இன்னும் கொஞ்சம் பார்க்க வேண்டும். பள்ளிக்கூடத்தைக் கூட்டுகிற ஆள் அதைத் தொடமாட்டான். அதனால் அந்தப் பிள்ளை சாயங்காலம் அதை வீட்டுக்குச் சுமந்துபோய், மறுநாள் சுமந்து வரவேண்டும். கோணி போட்டது தரை அழுக்காகிவிடும் என்பதற்காக அல்ல. அந்தப் பிள்ளை குளித்துச் சுத்தமாக வந்தாலும் கோணி போகாது. முதல் மார்க் வாங்கினாலும் போகாது. காரணம் அவன் பிறப்பில் வைக்கப்பட்டிருந்ததால் அவனால் அதை எதுவும் செய்ய முடியாது. 1927-இல் மகாடு குளத்தில் ஆடு மாடு வாய் வைக்கலாம், அவர் கை வைக்கக் கூடாது என்றிருந்ததும் இதனால்தான். தண்ணீரின் சுத்தம் அங்கே யாருக்கும் கவலையாக இருக்கவில்லை.

மணியின் போர்வையை வாரம் ஒருமுறை நான் கையால் துவைக்கிறேன். மணி என் பாதத்தின்மேல் தலைவைத்துத் தூங்குகிறது. மகளுக்கு இளைப்பு சரியானாலோ, சோபாவுக்கு ரெக்சின் உறை போட்டாலோ அந்த விதி அடுத்த நாளே போய்விடும். போக வேண்டும். மாடித் தோட்டத்தில் வேலை செய்துவிட்டு வந்தால் என் கணவருக்கும் சோபா கிடையாது. இவ்வளவும் சொன்னபிறகும் ஒன்று மிச்சமிருக்கிறது. விதியை நான் போட்டேன், மணியைக் கேட்டுப் போடவில்லை. அது என்னோடு வாதாட முடியாது, சங்கம் வைக்க முடியாது, நாளைக்கு வார்டு உறுப்பினராக நிற்கப் போவதில்லை. வாதாட முடியாத உயிரிடம் அதிகாரம் வைத்திருப்பது ஒரு பொறுப்பு. வாதாடக் கூடிய மனிதரிடம் அதே மாதிரி நடந்துகொள்வது குற்றம். இரண்டையும் ஒரே சொல்லால், 'பழக்குவது' என்று சொல்லிவிடுவதில்தான் மோசடி ஆரம்பிக்கிறது.

இனி அம்மா விஷயம். மணியை இறக்கப் பாடுபட்ட அதே இரண்டு மாதமும், அம்மாவை சோபாவில் ஏற்றப் பாடுபட்டோம். முடியவில்லை. "எனக்குத் தரைதாம்மா குளுமை. அந்த மெத்தையில முதுகு நிக்கல." அது உண்மை என்று நான் ஏற்றுக்கொள்கிறேன். சோபாவில் சாய்ந்துகொண்டு, காலை நீட்டித் தரையில் உட்கார்ந்து டிவி பார்ப்பதில் அம்மாவுக்கு ஒரு ராஜரீகம் இருக்கிறது. உட்கார்ந்தால்தான் விடுதலை என்று ஒரு கிழவியை மேலே இழுத்து வைப்பதும் ஒருவகைப் பழக்குதல்தான்.

ஆனால் பக்கத்து வீட்டுக்காரர் உள்ளே வந்தால் அம்மா எழுந்துவிடுகிறாள். அவர் எழச் சொல்லவில்லை. "உக்காருங்கம்மா" என்றுதான் சொல்கிறார். கேட்டால், "நான் எங்க எழுந்தேன், முட்டி தானா எழுந்துக்குது" என்கிறாள். தரை பிடிக்கும் என்பது அம்மாவின் விருப்பம். எழுந்து நிற்பது யாருடைய விருப்பம்?

"அவங்களுக்கு அது பழகிப்போச்சு" என்று நம் ஆட்களே சொல்வது உண்டு. செலிக்மனும் மையரும் 1967-இல் நாய்களுக்குத் தப்பிக்க முடியாதபடி மின்அதிர்ச்சி கொடுத்தார்கள். கொடுமையான சோதனை. பிறகு, சின்னத் தடுப்பைத் தாண்டினால் தப்பலாம் என்ற கூண்டில் விட்டபோதும் அவற்றில் பல தாண்டாமல் படுத்துக் கிடந்தன. செயலற்றுக் கிடக்க அவை கற்றுக்கொண்டன என்று முடிவு கட்டினார்கள். ஐம்பது வருஷம் கழித்து, 2016-இல், அதே இருவர் அதைத் திருப்பிப் போட்டு எழுதினார்கள். நீண்ட துன்பத்தில் உடம்பு ஒடுங்குவது கற்றுக்கொண்டது அல்ல, அது உடம்பின் முதல் பதில். கற்றுக்கொள்ள வேண்டியிருப்பது தன் செயலால் நிலைமை மாறும் என்பதைத்தான். அந்த நாய்களை முதலில் கயிற்றில் கட்டித் தடுப்பைத் தாண்டி இழுத்தார்கள். பல தடவை இழுத்தபின் தாமாகவே தாண்டின. அம்மாவுக்கு அடிமைத்தனம் பழகிப்போனது என்று யாராவது சொன்னால் இனி இதைச் சொல்வேன்.

2020 அக்டோபரில் கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டையிலிருந்து ஒரு படம் வெளிவந்தது. ஊராட்சிக் கூட்டம். மற்றவர்கள் நாற்காலியில். தேர்ந்தெடுக்கப்பட்ட தலித் பெண் தலைவர் தரையில். அவர் முகத்தில் அடக்கம் இருப்பதாக யாராவது படிப்பார்கள். எனக்கு அந்த அறையின் குரல்தான் கேட்டது. அவர் வெளியே சொன்னார், வழக்குப் பதிவானது.

என் மகள் ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறாள். பக்கத்து வீட்டுக்காரர் வருகிற சத்தம் கேட்டால் நாங்கள் எல்லோரும் தரையில் உட்கார்ந்துகொள்கிறோம். போன ஞாயிற்றுக்கிழமை அவர் வந்து, காலி சோபாவையும் எங்களையும் பார்த்துக் கொஞ்சம் தடுமாறி, வேட்டியை ஒதுக்கிக்கொண்டு தரையில் உட்கார்ந்தார். அம்மா பாதி எழுந்தாள். எல்லோரும் கீழே இருக்க, தான் மட்டும் உயரமாக நிற்பதைக் கவனித்துவிட்டு, "என்னடி இது கூத்து" என்று மறுபடி உட்கார்ந்தாள். அவர் பேரன் கல்யாணத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். மணி காலியாகக் கிடந்த சோபாவைப் பார்த்தது, அப்புறம் என் மகளைப் பார்த்தது.